கோத்தகிரிக் குளிரில் எம்31 டிஸ்ப்ளே மாற்றுவது: எந்தப் பேனல், எந்த ஒட்டு?

தேயிலைச்சரிவு (கோத்தகிரி) கேட்டது:

வணக்கம். போன் சாம்சங் கேலக்ஸி எம்31, மாடல் எண் எஸ்எம்-எம்315எஃப். கீழே விழுந்து டிஸ்ப்ளே உடைந்துவிட்டது. இப்போதைய நிலவரம்:

இடது கீழ் மூலையிலிருந்து மேலே மூன்று விரிசல். அந்த மூலையில் மை கொட்டினமாதிரி கறுப்புக் கறை. முதல் நாள் சுண்டுவிரல் நகம் அளவு இருந்தது, நாலு நாளில் ஐந்து ரூபாய் நாணயம் அளவு ஆகிவிட்டது. டச் மேல் பாதியில் வேலை செய்கிறது, கீழே இல்லை. கால் வருகிறது, சார்ஜ் ஏறுகிறது, பின்பக்கக் கைரேகை ஒழுங்காக எடுக்கிறது. பாடி வளைந்த மாதிரி தெரியவில்லை.

வீட்டிலேயே மாற்ற முடிவு செய்திருக்கிறேன். ஹேர் டிரையர், சின்ன ஸ்குரூடிரைவர் செட், ட்வீசர் கையில் உண்டு. தெரிய வேண்டியது: ஒரே மாடலுக்கு மூன்று விதமான விலையில் டிஸ்ப்ளே காட்டுகிறார்கள், எதை வாங்குவது? ஃபிரேமோடு வாங்குவதா, ஃபிரேம் இல்லாமலா? உடைந்த கண்ணாடியை மட்டும் மாற்ற முடியாதா? போனில் இருக்கும் படங்கள் போய்விடுமா? இங்கே இப்போது பகலிலேயே மூடுபனி, ராத்திரி 10 டிகிரிக்கு இறங்குகிறது. இந்தக் குளிரில் பி-7000 ஒட்டு பிடிக்குமா?

சில்வர்ஓக் (ஊட்டி) பதில்:

முதலில் படங்கள். டிஸ்ப்ளே மாற்றுவதால் எதுவும் அழியாது, எல்லாம் உள்ளே இருக்கும் மதர்போர்டில் (போர்டு) இருக்கிறது. ஆனால் கறை அப்படியே நின்றுவிடும் என்று இருந்துவிடாதீர்கள். உங்கள் போனில் இருப்பது ஓலெட், அதாவது தானே ஒளிவிடும் பேனல். அதன் உள்ளடுக்கு ஈரத்தையும் ஆக்சிஜனையும் தாங்காது. சீல் விரிந்த இடத்தில் காற்று புகுந்து அடுக்கைச் சாகடித்துக்கொண்டே போகும், நம் ஊர்க் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமும் இல்லை. இன்றைக்கே காப்பி எடுங்கள். கீழ்ப் பாதி டச் இல்லாததற்கு டைப்-சி ஓடிஜி அடாப்டரில் சாதாரண யுஎஸ்பி மவுஸைச் சொருகுங்கள். அம்புக்குறி வரும், பேட்டர்னையும் அதிலேயே போடலாம். திரை முழுக்கக் கறுத்துவிட்டால் மவுஸ் உதவாது. இந்த போன் டைப்-சி வழியாக டிவிக்குப் படம் அனுப்பாது.

கண்ணாடி மட்டும் மாற்றுவது வீட்டு வேலை இல்லை. கண்ணாடியும் பேனலும் நடுவில் பசை ஃபிலிமால் ஒன்றாக ஒட்டப்பட்டவை. சூட்டுத் தட்டில் வைத்துக் கம்பியால் அறுத்து, புதுக் கண்ணாடியை வெற்றிடத்தில் லேமினேட் செய்து, பிறகு அழுத்தக் கலத்தில் காற்றுக்குமிழியை எடுக்க வேண்டும். அதோடு உங்கள் போனில் கறை விழுந்தாகிவிட்டது. பேனலே போன பிறகு கண்ணாடியை மாற்றி என்ன ஆகப்போகிறது? கண்ணாடியும் பேனலும் சேர்ந்த முழு காம்போதான்.

மூன்று விலைக்குக் காரணம் மூன்று பொருள். சர்வீஸ் பேக் என்பது கம்பெனி சர்வீஸ் சென்டருக்கு அனுப்பும் அதே பேனல். சாம்சங்கில் பெரும்பாலும் ஃபிரேமோடு வரும், விலை அதிகம். அடுத்தது ஓலெட் காப்பி: கறுப்பு கறுப்பாகவே இருக்கும், நிறமும் வெளிச்சமும் கொஞ்சம் முன்பின் இருக்கும். மூன்றாவது இன்செல், அதாவது டிஎஃப்டி எல்சிடி. விலை குறைவு என்று எம்31-க்கு இதை வாங்கிவிடாதீர்கள். உங்கள் போன் அமோலெட் எனும் ஓலெட் வகைக்காகச் செய்யப்பட்டது. எல்சிடிக்குப் பின்னால் பேக்லைட் அடுக்கு இருப்பதால் பேனல் தடித்து விளிம்பு ஃபிரேமுக்கு மேலே துருத்தும். மறுபடி விழுந்தால் முதல் அடி அந்த விளிம்பில்தான். பேட்டரியும் சீக்கிரம் இறங்கும். உங்களுடையது பின்பக்கக் கைரேகை என்பதால் அது தப்பிக்கும். திரைக்குள் கைரேகை உள்ள போனில் இன்செல் போட்டால் அதுவும் போய்விடும்.

வாங்கும்போது "ஒரிஜினலா?" என்று கேட்காதீர்கள். எல்லாரும் ஆமாம் என்பார்கள். "சர்வீஸ் பேக்கா, ஓலெட்டா, இன்செல்லா?" என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். மாடல் எண்ணின் கடைசி எழுத்து வரை சரிபார்க்கச் சொல்லுங்கள்.

பார்சல் வந்ததும் பிரிப்பதை வீடியோ எடுங்கள். மலைப்பாதையில் வேனில் குலுங்கி வரும் சரக்கு, விளிம்பில் மயிரிழை விரிசல் இருக்கலாம். டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து நாலு ஓரத்தையும் பாருங்கள். மேலே ஒட்டியிருக்கும் ஃபிலிமையும் வாரண்டி ஸ்டிக்கரையும் சோதனை முடியும் வரை உரிக்கவே கூடாது, உரித்தால் திருப்பி எடுக்கமாட்டார்கள். ஓலெட்டா எல்சிடியா என்று வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். இணைத்தபின் ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு முழுக் கறுப்புப் படம் ஒன்றைத் திறங்கள். ஓலெட் என்றால் போன் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. எல்சிடி என்றால் சாம்பல் வெளிச்சம் கசியும், ஓரங்களில் இன்னும் அதிகமாக.

மேசைவிளக்கு (குன்னூர்) பதில்:

சில்வர்ஓக் சொன்னதோட ஒண்ணு சேர்த்துக்கறேன். காசு ஒத்து வந்தா ஃபிரேமோட வாங்குங்க. போர்டு, பேட்டரி, சார்ஜிங் சப்-போர்டு, ஸ்பீக்கர், வைப்ரேட்டர், கேமரா, பக்கவாட்டு பட்டன் எல்லாத்தையும் புது ஃபிரேமுக்கு மாத்தணும், வேலை கூடுதல்தான். ஆனா உடைஞ்ச கண்ணாடியைச் சுரண்ட வேண்டியதில்லை, பேனலை ஒட்ட வேண்டியதில்லை, குளிரில் ஒட்டு காயுமாங்கிற கேள்வியே கிடையாது. முதல் தடவை கை வைக்கிறவங்களுக்கு ஸ்குரூ கழட்டறது எளிது, கண்ணாடி சுரண்டறதுதான் ஆபத்து.

பின்மூடி திறக்கறதுலேர்ந்து சொல்றேன்.

சார்ஜை 25 சதவீதத்துக்குக் கீழே இறக்கிட்டு போனை ஆஃப் பண்ணுங்க. பேட்டரியில ஓட்டை விழுந்தா நிறைஞ்ச பேட்டரிதான் அதிகமா எரியும், அதுக்காகத்தான் இது. சிம் ட்ரேயை எடுங்க. ட்ரே உள்ளே இருக்கும்போதே மூடியை நெம்பி ட்ரேயையும் ஸ்லாட்டையும் உடைக்கிறது அடிக்கடி நடக்கிற தப்பு. உடைஞ்ச முன்பக்கம் முழுக்க அகலமான பேக்கிங் டேப் ஒட்டிடுங்க, கண்ணாடித் துகள் கண்ணுல தெறிக்காது. மூக்குக்கண்ணாடி போடுறவங்க அதையே போட்டுக்கலாம், இல்லாதவங்க ஒரு சாதா மூக்குக்கண்ணாடி வாங்கிக்கோங்க.

எம்31 பின்மூடி பிளாஸ்டிக், கொக்கிகள்ல மாட்டியிருக்கும். குளிர்ல பிளாஸ்டிக் மொறுமொறுன்னு ஆகி கொக்கி ஒடியும். அதனால வெளியே குளிர்ந்து கிடந்த போனை அப்படியே நெம்பாதீங்க. டிரையரை ஒரு சாண் தள்ளிப் பிடிச்சு விளிம்பைச் சுத்தி ரெண்டு நிமிஷம் ஓட்டுங்க, கையில இதமா சுடற அளவு போதும். கிட்டார் பிக் மாதிரி பிளாஸ்டிக் வில்லையை ஒரு மூலையில நுழைச்சு வழுக்கிக்கிட்டே போங்க. "டக் டக்"னு கொக்கி விடுற சத்தம் வரும். ஸ்குரூடிரைவரை நுழைச்சு நெம்பினா ஃபிரேம்ல பல்லு விழும்.

மூடி விட்டதும் படக்குனு இழுக்காதீங்க. பின்பக்கக் கைரேகை சென்சாரின் பட்டை (தட்டையான மெல்லிய கேபிள்) மூடிக்கும் போர்டுக்கும் நடுவுல ஓடலாம். அது மயிலிறகு மாதிரி மெல்லிசு, கிழிஞ்சா கைரேகை போச்சு. புத்தகம் திறக்கிற மாதிரி ஒரு பக்கமா திறந்து, பட்டை எங்கே போகுதுன்னு பார்த்து, கனெக்டரைக் கழட்டிட்டுத்தான் மூடியை எடுக்கணும்.

அடுத்து ஸ்குரூ. ஒரு வெள்ளைத்தாள்ல போனோட உருவத்தை வரைஞ்சு, எந்த ஓட்டையிலேர்ந்து எடுத்தீங்களோ அந்த இடத்துலயே டபுள் டேப் துண்டுல ஸ்குரூவை ஒட்டி வைங்க. எல்லாம் ஒரே மாதிரி தெரிஞ்சாலும் நீளம் மாறும். குட்டை ஓட்டையில நீள ஸ்குரூவைத் திருகினா அடியில இருக்கிற போர்டு தடத்தையோ பேனலையோ குத்தி உடைச்சிடும். ஐபோன்லயும் டிஸ்ப்ளே மாத்தறப்போ இந்த ஒரு தப்பால போர்டு போறது உண்டு. ஸ்குரூடிரைவரோட பிஎச்00 முனை (சின்ன பிளஸ் முனை) பொருந்தணும், மேலேர்ந்து அழுத்திக்கிட்டு திருப்புங்க. தலை தேஞ்சா அப்புறம் பாடுதான்.

பிளாஸ்டிக் கவசம் எடுத்ததும் கைவைக்க வேண்டிய முதல் கனெக்டர் பேட்டரிதான். டிஸ்ப்ளே கனெக்டரை முதல்ல பிடுங்காதீங்க. பேட்டரி இணைஞ்சிருக்கும்போது டிஸ்ப்ளே பட்டையை எடுத்தாலோ சொருகினாலோ, கனெக்டரோட ஊசி (பின்) ஒண்ணு பக்கத்து ஊசியைத் தொட்டு போர்டுல இருக்கிற டிஸ்ப்ளே மின்சுற்று எரிஞ்சிடும். அப்புறம் எத்தனை புது பேனல் போட்டாலும் வெளிச்சம் வராது. "டிஸ்ப்ளே மாத்தினேன், போன் அதிருது, கால் வருது, திரை மட்டும் கறுப்பு"ன்னு வர்ற கேஸ்ல ஒரு பங்கு இதுதான்.

கனெக்டரை நெம்ப பிளாஸ்டிக் குச்சி. நேரா மேலே தூக்கணும், பக்கவாட்டுல இழுக்கக் கூடாது. மாட்டும்போது விரல் நுனியால தடவி உட்கார்ற இடத்தை உணர்ந்து, ஒரு முனையை அழுத்தி, அப்புறம் மறு முனையை அழுத்துங்க. சின்னதா ஒரு கிளிக். கிளிக் வரலேன்னா அழுத்தத்தைக் கூட்டாதீங்க, எடுத்து மறுபடி வைங்க. பின் மடங்கினா நேராக்கறது நமக்கு ஆகாது.

இன்னொண்ணு, இங்கே எல்லாரும் போட்டிருக்கிற ஸ்வெட்டர். டிசம்பர், ஜனவரியில மூடுபனி விட்டு வெயில் அடிக்கிற உலர்ந்த நாள்ல கம்பளி ஸ்வெட்டரும் ஃப்ளீஸ் ஜாக்கெட்டும் உரசி நிலைமின்சாரம் ஏறும். கழட்டும்போது தலைமுடியில பொறி சத்தம் கேட்குதே, அந்த அளவு மின்சாரம் போர்டுல இருக்கிற சிப்புக்கு அதிகம். வேலை செய்யும்போது பருத்திச் சட்டை போதும். போர்டைத் தொடறதுக்கு முன்னாடி எர்த் இருக்கிற இரும்புப் பொருள் எதையாவது தொட்டுக்கோங்க. பாய் மேலயும் கம்பளத்து மேலயும் உட்கார்ந்து செய்ய வேண்டாம், மரமேஜைதான்.

தேயிலைச்சரிவு:

மிகவும் நன்றி அண்ணா, சில்வர்ஓக் சாருக்கும். படங்களை மவுஸ் வைத்து காப்பி எடுத்துவிட்டேன்.

ஃபிரேமோடு சர்வீஸ் பேக் இப்போது கையிருப்பில் இல்லையாம். ஃபிரேம் இல்லாத ஓலெட் பேனல்தான் கிடைக்கிறது. அப்படியானால் பழையதைச் சுரண்டவும் ஒட்டவும் வேண்டும். அந்த வேலைக்கு இந்தக் குளிரில் என்ன செய்வது? முதல்லயே ஒட்டிவிட்டு டெஸ்ட் செய்வதா?

சோலைக்காடு (கொடைக்கானல்) பதில்:

ஒட்டிவிட்டு டெஸ்ட் செய்தால் கோளாறு வரும்போது மறுபடி பிரிக்க வேண்டும். பிரிக்கும்போது புதுப் பேனல் உடையும். ஒட்டு கடைசி வேலை. புதுப் பேனலின் பட்டையை ஃபிரேமின் வெட்டு வழியாக விட்டு இணைத்து, பேனலை மெல்லிய துணிமேல் சாய்த்து வைத்தபடி பேட்டரியை மாட்டி இயக்கிப் பாருங்கள். டயலரில் *#0*# அடித்தால் சாம்சங்கின் சோதனைப் பக்கம் திறக்கும். சிவப்பு, பச்சை, நீலம் என்று நிறங்களை முழுத் திரையில் பாருங்கள், செத்த புள்ளி இருந்தால் தெரியும். பிறகு டச்: கட்டம் கட்டமாக வரும், விரலை வைத்து எல்லாக் கட்டத்தையும் நிறம் மாற்ற வேண்டும். ஒரு வரிசை மாறாவிட்டால் அது பேனல் அல்லது கனெக்டர் கோளாறு. 20 நிமிடம் இயங்கவிட்டுத் திரும்பவும் பாருங்கள். சூடானபின் கோடு விழும் பேனலும் உண்டு.

பழையதை எடுக்கும் விஷயம். ஓலெட் பேனல் ஃபிரேமின் நடுத்தட்டோடு முழுப் பரப்பிலும் ஒட்டியிருக்கும். விளிம்பைச் சூடாக்கிப் பிக்கை நுழைத்து மெல்ல மெல்லப் போகும்போது கண்ணாடி சில்லுச் சில்லாக வரும். அவசரப்படுகிறவர்கள் இங்கேதான் ஃபிரேமை வளைத்துவிடுகிறார்கள். வளைந்த ஃபிரேமில் புதுப் பேனல் ஒரு மூலையில் ஆடும், பிறகு அந்த மூலையிலேயே உடையும். அந்த நடுத்தட்டுக்குப் பின்னால் 6000 எம்ஏஎச் பேட்டரி உட்கார்ந்திருக்கிறது, முன்னாலிருந்து கொடுக்கும் சூடு நேராக அதற்குப் போகும். பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டுச் செய்வது நல்லது. அதன் ஒட்டில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலை ஓரத்தில் சொட்டுச் சொட்டாக விட்டு மூன்று நிமிடம் காத்திருந்து பிளாஸ்டிக் அட்டையால் நெம்புங்கள். வளைக்கக் கூடாது, உலோகம் தொடக் கூடாது. பேட்டரி தலையணை மாதிரி உப்பியிருந்தால் அதோடு திரும்ப மூடாதீர்கள். அது பேனலைப் பின்னாலிருந்து தள்ளித் தூக்கிவிடும்.

ஆல்கஹால் 99 சதவீதம் தேவை. மெடிக்கலில் கிடைக்கும் 70 சதவீத ஸ்பிரிட்டில் மீதி முப்பது தண்ணீர். அது இருக்கிற இடத்தில் ஒட்டு வழுக்கும், கனெக்டரில் போனால் துருவேறும். நெயில்பாலிஷ் ரிமூவர் வேண்டவே வேண்டாம், அசிடோன் பிளாஸ்டிக்கைக் கரைக்கும்.

இனி நம் ஊருக்கான விஷயம். மூடுபனி நாளில் ஃபிரேமை ஆல்கஹாலால் துடைத்துவிட்டுப் பாருங்கள். ஆல்கஹால் ஆவியாகும்போது உலோகத்தைக் குளிர்விக்கும். காற்றில் இருக்கும் ஈரம் அங்கேயே படியும். துடைத்த இடத்தில் ஒரு நொடிக்கு மூச்சுப் பட்ட கண்ணாடி மாதிரி வெண்படலம் வரும். அதன்மேல் ஒட்டைப் போட்டால் ஒட்டுக்கும் ஃபிரேமுக்கும் நடுவில் தண்ணீர்ப் படலம்தான் இருக்கிறது. "நல்லா துடைச்சுத்தான் ஒட்டினேன், மூன்று நாளில் மூலை தூக்கிட்டது" என்பதற்கு மலையில் காரணம் பெரும்பாலும் இதுதான். துடைத்தபின் டிரையரை மிதமான சூட்டில் ஒரு நிமிடம் ஓட்டி, ஃபிரேம் கை சூட்டுக்கு வந்தபின்தான் ஒட்டுத் தொட வேண்டும்.

அறையைப் பற்றி: சமையலறை வேண்டாம், இட்லிப் பானை ஆவியும் தாளிப்பு எண்ணெயும் லென்ஸுக்கும் பேனலின் உள்பக்கத்துக்கும் போகும். கதவு ஜன்னலை மூடிக்கொண்டு கரி அடுப்பு, கணப்பு வைத்துக்கொண்டு செய்யாதீர்கள். கரியும் எரிவாயுவும் எரிந்தால் தண்ணீர் ஆவியும் புகையும் மட்டுமல்ல, கார்பன் மோனாக்சைடும் வரும். மூடிய அறையில் அது ஆளையே கொல்லும். மின்சார ஹீட்டர் இருந்தால் அதை ஒரு மணி நேரம் முன்பே போட்டு அறையைச் சூடேற்றுங்கள். வெளியில் ஈரமாக இருக்கும்போதும் சூடான அறையில் ஒப்பு ஈரப்பதம் இறங்கும். வெளியே குளிர்ந்த போனை, புதுப் பேனலை, ஒட்டுக் குழாயை எல்லாவற்றையும் அந்த அறையில் இரண்டு மணி நேரம் வைத்திருந்து பிறகு பிரியுங்கள். குளிர்ந்த பொருளைச் சூடான அறைக்குக் கொண்டுவந்து உடனே திறந்தால் வியர்க்கும்.

பிறகு ஒட்டு. பி-7000-இன் வழக்கமான கணக்கு: பூசி, இரண்டு மூன்று நிமிடம் விட்டு, மேலே தோல் கட்டும்போது பொருத்தி, முழுதாக இறுக 24 முதல் 48 மணி நேரம். இது மிதமான வெப்பத்துக்கான கணக்கு. நம் ஊர் 10, 12 டிகிரி ராத்திரியில் கரைப்பான் ஆவியாவது மந்தமாகிவிடும், 72 மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். "மேலே காய்ந்துவிட்டது" என்பதை நம்ப வேண்டாம், உள்ளே ஜவ்வாகவே இருக்கும்.

பூச்சு எவ்வளவு? பேனலின் ஓரம் உட்காரும் ஃபிரேமின் படியில் மெல்லிய நூல் போல ஒரே கோடு, ஒரு மில்லிமீட்டருக்குக் கீழே. குழாயின் ஊசியை ஃபிரேமோடு சேர்த்துப் பிடித்து மெதுவாக இழுக்க வேண்டும். மைக் ஓட்டை, ஸ்பீக்கர் வலை, முன்கேமராவைச் சுற்றி மூன்று மில்லிமீட்டர் விட்டுவிடுங்கள். பட்டை மடியும் இடத்தில் ஒட்டுப் பட்டால் அது விறைத்துப் பின்னால் முறியும். அதிகமாகப் போட்டால் உள்ளே பிதுங்கும், அது பேனலுக்கும் தட்டுக்கும் நடுவில் கட்டியாகி ஒரு புள்ளியை அழுத்தும். நீங்கள் தொடாமலேயே தானாக எழுத்து அடிக்கும் டச் கோளாறுக்கு இதுவும் ஒரு காரணம்.

டேப் வாங்குவதாக இருந்தால், போனின் வடிவத்தில் வெட்டி வரும் இருபக்க ஒட்டு நாடா. அதில் குப்பை வராது, மறுபடி பிரிக்கவும் எளிது. ஆனால் இந்த வகைப் பசை குளிர்ந்த பரப்பில் முதல் பிடிப்பைக் கொடுக்காது. 20 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும். பேனலின் ஓரத்தையும் ஃபிரேமையும் இளஞ்சூடாக்கி, டேப்பை முதலில் ஃபிரேமில் ஒட்டி விரலால் தேய்த்து, பிறகுதான் பேனல்.

பொருத்தியபின் ரப்பர் பேண்ட் ஆறு, அல்லது துணி விரித்துப் புத்தகக் கட்டு. ரப்பர் பேண்ட் பேனலின் நடுவை அழுத்தாமல் ஓரத்தைப் பிடிக்கட்டும். நடுவில் அழுத்தினால் ஓலெட்டில் கோடு விழும்.

சில்வர்ஓக் (ஊட்டி):

காயவைக்க ஒரு வழி: அட்டைப் பெட்டியில் 40 வாட் குண்டு பல்பு, போனை 30 சென்டிமீட்டர் தள்ளி வையுங்கள். பெட்டிக்குள் 30, 35 டிகிரி போதும், அதற்குமேல் ஏறவிடாதீர்கள். பேட்டரி உள்ளே இருக்கிறது. பல்பு அட்டையைத் தொடக் கூடாது, ஆள் இல்லாமல் விட்டுப் போகக் கூடாது. எல்இடி பல்பு இதற்கு ஆகாது, சூடே வராது.

பழைய பேனலை எடுக்கச் சூட்டுக்கு ஹேர் டிரையர் பரவாயில்லை. ஆனால் மழைக்காலத்தில் கரண்ட் நின்று நின்று வரும், பாதி நெம்பியபோது குளிர்ந்துவிட்டால் பிக் அங்கேயே சிக்கும். வெந்நீர்ப் பை அதைவிடச் சீராகச் சூடேற்றும். ஊட்டியில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், கோத்தகிரியில் 94 வரை. பைக்குள் ஊற்றித் துணி சுற்றியபின் திரைமேல் படுவது எழுபதைத் தாண்டாது. டிரையரைக் கிட்டே பிடித்துப் பேனலைச் சுட்டுவிடும் பயம் இல்லை.

மேசைவிளக்கு (குன்னூர்):

சில்வர்ஓக், அதுல எனக்கு ஒரு மறுப்பு உண்டு. வெந்நீர்ப் பை முழுப் பரப்பையும் சூடாக்கும். பேட்டரியைக் கழட்டாதவங்க அதை போன் மேல பத்து நிமிஷம் வெச்சுட்டா அடியில பேட்டரியும் சேர்ந்து சுடும். லித்தியம் பேட்டரிக்கு 60 டிகிரிக்கு மேல போகவே கூடாது. டிரையர்னா நாலு விளிம்பை மட்டும் சுத்தி ஓட்டலாம். பை வைக்கறதா இருந்தா பேட்டரியை எடுத்தபிறகு மட்டும், மூடியை நல்லா இறுக்கி, வாயை உலரத் துடைச்சுட்டு, போனோட துளைகள் இருக்கிற பக்கம் வராம. ஒரு சொட்டு கசிஞ்சாலும் எல்லாம் வீண்.

ஆனா கரண்ட் போற நாள்ல பை கைகொடுக்கும்ங்கறது சரிதான்.

தேயிலைச்சரிவு:

பேனல் வந்துவிட்டது, வெளிப்பார்வைக்குச் சேதம் இல்லை. பழையதை எடுத்து, ஃபிரேமைச் சுத்தம் செய்து, ஒட்டாமல் இணைத்து *#0*# பார்த்தேன். நிறம் எல்லாம் சுத்தம். டச் கட்டத்தில் வலது ஓரம் மேலிருந்து கீழ் வரை ஒரு வரிசை மட்டும் மாறவில்லை. பேனல் கோளாறா, திருப்பி அனுப்பவா?

சோலைக்காடு (கொடைக்கானல்):

அனுப்புவதற்குமுன் இதைப் பாருங்கள். போனை ஆஃப் செய்து, முதலில் பேட்டரி, பிறகு டிஸ்ப்ளே கனெக்டரைக் கழற்றுங்கள். உருப்பெருக்கிக் கண்ணாடியால் கனெக்டரின் இரண்டு பக்கமும் பாருங்கள். பஞ்சு நூல், ஒட்டுத் துணுக்கு, பழைய கண்ணாடித் துகள் ஏதாவது இருக்கும். மென்மையான பல்துலக்கியில் ஆல்கஹால் தொட்டு ஒரே திசையில் தேய்த்து, பத்து நிமிடம் உலரவிட்டு மறுபடி மாட்டிப் பாருங்கள். அடுத்து, பேனலைத் துணிமேல் தளர்வாக வைத்திருக்கிறீர்களா, ஃபிரேமில் உட்கார வைத்திருக்கிறீர்களா? ஓரக் கம்பி ஃபிரேமைத் தொட்டு எர்த் ஆகும் பேனல்களில் தளர்ந்திருக்கும்போது ஓரம் இப்படித் தவறும். ஃபிரேமில் உட்கார வைத்துப் பாருங்கள்.

இரண்டும் செய்தும் அதே வரிசை, அதே இடத்தில் தவறினால் பேனல்தான். ஃபிலிமைத் தொடாமல் திருப்பி அனுப்புங்கள். வரிசை ஒவ்வொரு தடவையும் இடம் மாறினால் கனெக்டர் அல்லது சார்ஜர். சோதிக்கும்போது சார்ஜர் மாட்டியிருக்காதீர்கள், மட்டமான சார்ஜரின் அலைமின்சாரம் டச்சைக் குழப்பும்.

தேயிலைச்சரிவு:

கனெக்டரில் ஒரு மெல்லிய பஞ்சு நூல் இருந்தது, எடுத்ததும் வரிசை சரியாகிவிட்டது. இப்போது ஒட்டப்போகிறேன். மூடுமுன் இன்னும் எதைப் பார்க்க வேண்டும்? பழைய பேனலையும் சில்லுகளையும் என்ன செய்வது?

மேசைவிளக்கு (குன்னூர்):

மூடறதுக்கு முன்னாடி கடைசியா பார்க்க வேண்டியது ஆன்டெனா கம்பி, அதாவது கோஆக்ஸ் கேபிள். ஒரு கடுகு அளவு வட்ட முனை, போர்டுல அழுத்தினா கிளிக் ஆகும். கழட்டினவங்க அதை உட்கார வைக்க மறந்துட்டா டிஸ்ப்ளே அழகா இருக்கும், டவர் மட்டும் ஒரு கோடு குறையும். கோவையில அது தெரியாது. தேயிலைத் தோட்டத்துப் பள்ளத்துல ஒரு கோடு போனா கால் கட் ஆகும். முன்கேமரா லென்ஸையும் வலையையும் ஊதாம, தூரிகையால துடைங்க. ஊதினா மூச்சு ஈரம் உள்ளே போய் குளிர் பட்டதும் கேமராவுல பனி கட்டும். மூடுற முன்னாடி போனை சிலிகா ஜெல் பாக்கெட்டோட காத்து புகாத டப்பாவுல ராத்திரி முழுக்க வைங்க. அரிசிக்குள்ள புதைக்காதீங்க. மாவும் தூசியும் போகும், ஈரம் போகாது.

சோலைக்காடு (கொடைக்கானல்):

கழிவைக் குறித்து. உடைந்த பேனலைத் தடித்த அட்டைக்குள் வைத்துச் சுற்றிலும் டேப் ஒட்டுங்கள். தரையில் விழுந்த சில்லுகளைத் துடைப்பத்தால் பெருக்காதீர்கள், மெல்லியவை இடுக்கில் புகுந்து நிற்கும். டேப்பின் ஒட்டுப் பக்கத்தால் தொட்டுத் தொட்டு எடுங்கள். பேட்டரியையும் மாற்றுவதாக இருந்தால் பழைய பேட்டரியின் கனெக்டரைக் காப்பு டேப்பால் மூடுங்கள். இரண்டையும் தெருக் குப்பைத் தொட்டியில் போட வேண்டாம். கோத்தகிரியிலும் கொடைக்கானலிலும் ராத்திரி தொட்டியைக் கிளறுவது காட்டெருமையும் பன்றியும் கரடியும். அட்டைக்குள் இருக்கும் கண்ணாடியை அவை மென்றுவிடும். மின்கழிவு எடுக்கும் இடத்தில் சேர்க்கும் வரை வீட்டிலேயே ஒரு பழைய டப்பாவில் போட்டு, பேட்டரியை மட்டும் வேறாக, குளிர்ந்த உலர்ந்த இடத்தில் வையுங்கள்.

இன்னொன்று: திறந்த போன் இனி தூறலைத் தாங்காது. உறையில் போடுங்கள், மழையில் வெளியே எடுக்காதீர்கள். ஒட்டு இறுகும் 72 மணி நேரமும் சார்ஜ் போடாமல் ஆஃபில் வையுங்கள்.